ரே ஸ்டீவன்ஸின் விருதுகளுக்குப் பின்னால் போனதில் எனக்குப் போன பணமும், பிறகு தெரிந்துகொண்ட விதிகளும்

2019 மார்ச்சில் அமெரிக்கப் பாடகர் ரே ஸ்டீவன்ஸை கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது அமெரிக்கக் கிராமிய இசைக் கலைஞர்களுக்கான கௌரவ மன்றத்தில், சேர்க்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அப்போது அவருக்கு 80 வயது. வருடக்கணக்காக நான் காத்துக்கிடந்த செய்தி அது. அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, விருது விழாவுக்கு இரண்டு டிக்கெட். இன்னொன்று, அவருடைய பழைய பாட்டு ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொன்ன விருதுத் தட்டு. இரண்டுமே போலி. தங்குமிடச் செலவையும் சேர்த்தால் இரண்டாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே போனது. அதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. வயதான ஒரு கலைஞரை நேசித்து, அவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மரியாதையையும் தன் வீட்டு விசேஷமாக நினைக்கிற ஆட்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் யாராவது வாங்குவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்குப் பெயரே தெரியாது. ஜார்ஜியா மாநிலத்தில் கிளார்க்டேல் என்ற சின்ன ஊர், நூல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே 1939 ஜனவரி 24-ல் பிறந்தவர். இயற்பெயர் ஹெரால்டு ரே ராக்ஸ்டேல். நான் அமெரிக்கா வந்து முதலில் குடியேறியது மரியெட்டாவில். அங்கிருந்து கிளார்க்டேல் காரில் கொஞ்ச தூரம்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு பாட்டுப் போட்டுக்காட்டினார். மிஸிஸிப்பியில் ஒரு தேவாலயத்துக்குள் அணில் ஒன்று புகுந்துவிட, உள்ளே இருந்த பக்தர்களெல்லாம் அது சட்டைக்குள் ஓடுவதைத் தெய்வச் செயல் என்று நினைத்துக்கொண்டு ஆடிப் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாட்டு. எனக்கு அந்த ஊர் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஒரு முழுக் கதையை, நாலைந்து குரலில், தாளம் ஒரு இடத்திலும் தவறாமல் சொல்லி முடிக்கிறார். நம் ஊர் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவனுக்கு அது உடனே ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து தேடித் தேடிக் கேட்டேன். சிரிப்புப் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, ஆள் எவ்வளவு பெரிய இசைக்காரர் என்பது போகப் போகத்தான் புரிந்தது. 1962-ல் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லுக்குப் போய் மெர்குரி என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பாடகர், இசை ஒருங்கிணைப்பாளர், பியானோக்காரர் என்று எல்லா வேலையும் செய்திருக்கிறார். பாடகி டாலி பார்ட்டன் பெரிய ஆளாகும் முன்பு அவருடைய சில ஆரம்பகாலப் பதிவுகளைத் தயாரித்தவர் இவர். கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் எழுதிய 'சன்டே மார்னிங் கமிங் டவுன்' பாட்டை ஜானி கேஷ் பாடித்தான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 1969-ல், அதை முதலில் பதிவு செய்தவர் ரே ஸ்டீவன்ஸ். 1970-ல் 'எவ்ரிதிங் இஸ் பியூட்டிஃபுல்' பில்போர்டு பத்திரிகையின் பாட்டுத் தரவரிசையில் முதலிடம். 1974-ல் ஆடையில்லாமல் பொது இடத்தில் ஓடுகிற கோமாளித்தனம் அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்த நேரத்தில் 'தி ஸ்ட்ரீக்', அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். மறுவருடமே 'மிஸ்டி' என்ற பழைய ஜாஸ் பாட்டை பாஞ்சோவும் ஸ்டீல் கிடாருமாக மாற்றிப்போட்டு அதற்குக் கிராமி விருதும் வாங்கினார். எல்லாப் பாட்டையும் நான் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1962-ல் வந்த 'ஏஹாப் தி அராப்' போல வேற்று நாட்டவரைக் கேலியாகக் காட்டும் சில பாடல்கள் இன்று கேட்கும்போது மனசுக்கு ஒப்பவில்லை. நான் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவருக்கு ஏன் ஹால் ஆஃப் ஃபேம் அவ்வளவு தாமதம் என்பது ரசிகர்களுக்கு நெடுநாள் ஆதங்கம். சிரிக்கவைக்கிறவரை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் விருது என்று வந்தால் அழவைக்கிறவருக்குத்தான் முதல் வரிசை. எந்த நாட்டிலும் இதுதான் கதை. நகைச்சுவை இரட்டையரான ஹோமர் அண்ட் ஜெத்ரோ 2001-ல்தான் உள்ளே போனார்கள், அப்போது இருவருமே உயிரோடு இல்லை. சிரிப்புப் பாட்டும் பாடிய கிடார்காரர் ஜெர்ரி ரீட் 2017-ல், அவரும் காலமான பிறகு. ரே ஸ்டீவன்ஸ் உயிரோடு, நல்ல நினைவோடு, பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி வந்ததுதான் எனக்கு அவ்வளவு பெரிய நிம்மதி.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இது தெரிந்தால் இன்னொரு வகை மோசடியிலிருந்து தப்பலாம். ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன். பெயர் வெளியிடாத ஒரு குழு வாக்களிக்கிறது. வழக்கமாக வருடத்துக்கு மூன்று இடம்: சமீப காலத்தவருக்கு ஒன்று, நெடுங்காலமாகப் பெயரோடு இருக்கும் மூத்தவர்களுக்கு ஒன்று, மூன்றாவது ஒவ்வொரு வருடமும் பாடலாசிரியர், பக்கவாத்தியக்காரர், மேடைக்கு வெளியே இருப்பவர் என்று சுற்றி வரும். 2019-ல் மூத்தவர் பிரிவில் ரே ஸ்டீவன்ஸ், சமீப காலத்தில் ப்ரூக்ஸ் அண்ட் டன் என்ற பாடகர் இரட்டையர், மூன்றாவதாகத் தயாரிப்பாளர் ஜெர்ரி பிராட்லி. ரசிகர் வாக்கு என்று ஒன்று இதில் கிடையவே கிடையாது. ஆகவே 'உங்கள் அபிமானப் பாடகரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க இங்கே வாக்களியுங்கள்' என்று மின்னஞ்சல் முகவரியும் நன்கொடையும் கேட்டு வருகிறதெல்லாம் வெறும் வலை. ரசிகர்கள் நிஜமாக வாக்களித்துக் கொடுத்த விருது வேறு. மியூசிக் சிட்டி நியூஸ் பத்திரிகையின் வாசகர்கள் 1986 முதல் 1994 வரை வரிசையாக அவரைத்தான் சிறந்த நகைச்சுவையாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அந்த ஒன்பது வருட விருதுமீது தனிப் பிரியம், அது முழுக்க முழுக்கக் கேட்டவர்கள் கொடுத்தது.

சரி, டிக்கெட் கதைக்கு வருகிறேன். அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, விழா அக்டோபரில் என்று தெரிந்ததும் இணையத்தில் தேடினேன். ஒரு மறுவிற்பனைத் தளத்தில் விழாவின் பெயர், தேதி, அரங்கத்தின் இருக்கைப் படம், எல்லாம் கச்சிதமாக இருந்தது. 'இன்னும் சில இடங்களே உள்ளன' என்று சிவப்பு எழுத்து வேறு. இதற்கு முந்தைய வருடம்தான், நாஷ்வில்லில் அவர் சொந்தமாகக் கட்டிய கேபரே அரங்கத்தில் போய் நிகழ்ச்சி பார்த்திருந்தோம். 2018 ஜனவரியில் திறந்த இடம் அது. டவுன்டவுனின் சந்தடியிலிருந்து மேற்கே தள்ளி இருந்தது, சாப்பாடும் பாட்டும் சேர்ந்த நிகழ்ச்சி. அரங்கத்திலேயே நேரடியாக டிக்கெட் வாங்கினோம், ஒரு தொல்லையும் இல்லை. அவர் பியானோவில் உட்கார்ந்து, வரிகளுக்கு நடுவில் புருவத்தை மட்டும் தூக்கிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த மயக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதுவும் அதுபோல ஒரு டிக்கெட் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு டிக்கெட், சேவைக் கட்டணத்தோடு 860 டாலர். கையோடு டவுன்டவுனில் இரண்டு இரவுக்கு அறை, 540 டாலர், ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை. அந்த ஊரில் வார இறுதியில் அறை வாடகை விமானம் ஏறியதுபோல் ஏறும், அதனால் மலிவாகக் கிடைத்ததென்று அந்த வகையை எடுத்தேன்.

மாதங்கள் ஓடின. ஆகஸ்ட் வரைக்கும் டிக்கெட் கைக்கு வரவில்லை. தளத்தில் 'விற்பவர் நிகழ்ச்சிக்கு முன் அனுப்புவார்' என்ற ஒரே வரிதான். என் மனைவிக்கு அது உறுத்தியது. "ஏங்க, இவனுங்களையே கேட்டுட்டு இருக்கீங்க. விழா நடத்துற இடத்துக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள். மறுநாள் வேலை இடைவேளையில் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் மிகவும் பொறுமையாகச் சொன்னார்: பதக்கம் அணிவிக்கும் அந்த விழா அழைப்பு வந்தவர்களுக்கு மட்டும். நாஷ்வில்லில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே இருக்கும் அரங்கத்தில் நடக்கும், கலைஞர்களின் குடும்பம், ஏற்கெனவே ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள், இசைத்துறை ஆட்கள்தான் வருவார்கள். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியதை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. நான் போனை வைத்துவிட்டு வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் போனதைவிட, அவர் கழுத்தில் அந்தப் பதக்கம் விழுவதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்பதுதான் நெஞ்சை அடைத்தது. அதை எட்டு மாதம் கழித்து இணையத்தில் துண்டுத் துண்டாகப் பார்ப்பது வேறு விஷயம்.

பிறகுதான் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று படித்தேன். மறுவிற்பனைத் தளங்களில் விற்பவன் கையில் டிக்கெட் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. முதலில் உன்னிடம் பணம் வாங்கிவிடுவான், பிறகு எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால் வாங்கி உனக்கு அனுப்புவான், கிடைக்காவிட்டால் கைவிரிப்பான். நிகழ்ச்சி பொதுவுக்கு விற்கப்படுகிறதா என்று அந்தத் தளம் பார்ப்பதும் இல்லை, ஒரு பெயரும் தேதியும் இருந்தால் பக்கம் தானாக உருவாகிவிடும். இருக்கைப் படத்தைப் பார்த்து நம்பாதீர்கள், அது அரங்கத்தின் பொதுப் படம், அன்றைய விழாவின் படம் அல்ல. எந்த விருது விழாவாக இருந்தாலும் முதல் வேலை, விருது கொடுக்கும் அமைப்பின் சொந்தப் பக்கத்தில் 'டிக்கெட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் அடுத்து ஒரு போன். அந்த ஒரு போனுக்கு எனக்குச் செலவானது ஐந்து நிமிடம்கூட இல்லை.

பணத்தைத் திரும்ப வாங்கியது ஒரு தனிப் பாடு. தளத்தைக் கேட்டால், நிகழ்ச்சி நாள் முடியும்வரை ஆர்டரை ரத்து செய்ய முடியாது என்றார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். கூப்பனை ஏற்கக் கூடாது. ஏற்றுவிட்டால் விவகாரம் தீர்ந்ததாகக் கணக்கு முடித்துவிடுவார்கள். நான் கிரெடிட் கார்டு நிறுவனத்தில் முறைப்படி ஆட்சேபம் போட்டேன். அமெரிக்கச் சட்டப்படி பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு, அதைப் படித்துவிட்டு நம்பிக்கை இழந்திருந்தேன். ஆனால் பின்னால் நடக்கவேண்டிய நிகழ்ச்சி, வரவேண்டிய பொருள் என்றால், அது நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடும் ஏற்பாடு பல கார்டுகளில் இருக்கிறது. அதனால் 'நாள் கடந்துவிட்டது' என்று நீங்களே முடிவு செய்யாமல் கார்டுக்காரர்களைக் கேளுங்கள். என் தரப்பில் ஜெயித்துக்கொடுத்தது ஒரே ஒரு காகிதம்: விழா அழைப்பாளர்களுக்கு மட்டும் என்று அருங்காட்சியகத்திலிருந்து மின்னஞ்சலில் எழுதி வாங்கியது. போனில் சொன்னதை எழுத்தில் ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன், அவர்களும் அனுப்பினார்கள். மறுவருடம் குளிர்காலத்தில் 860 டாலரும் திரும்பியது. டெபிட் கார்டிலோ, நேரடிப் பணப் பரிமாற்றச் செயலியிலோ கட்டியிருந்தால் இந்த வழி இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

அறைக்குக் கட்டிய பணம் போனது போனதுதான், அதனால் அக்டோபரில் எப்படியும் நாஷ்வில்லுக்குப் போனோம். அட்லாண்டா பக்கத்திலிருந்து சுமார் 250 மைல், வழியில் மான்டீகிள் மலையில் லாரிகளுக்கு நடுவே ஏறி இறங்க வேண்டும். ஜார்ஜியாவிலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: நாஷ்வில் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பி வரும்போது அது கழிந்துவிடும், ஞாயிறு இரவு வேலைக்குத் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

அருங்காட்சியகத்தில் வட்ட மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முகம் செதுக்கிய வெண்கலத் தகடு. 1961-ல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஜிம்மி ராட்ஜர்ஸ், ஹேங்க் வில்லியம்ஸ், ஃப்ரெட் ரோஸ் மூவரின் தகடுகளும் மற்றவர்களோடு கலந்தே இருக்கின்றன. யாரும் யாரைவிடவும் பெரியவர் என்று தோன்றக் கூடாது என்பதற்காக, புதிதாகச் சேர்ந்தவர்களைத் தவிர மற்ற தகடுகளை வரிசை இல்லாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. சிரிப்புப் பாட்டுக்காரருக்கும் சோகப் பாட்டுக்காரருக்கும் அங்கே ஒரே உயரம். ஆனால் நான் தேடிப் போன முகம் அன்றைக்கு இல்லை. விழாவில் திரை விலக்கிய பிறகுதான் தகடு அங்கே வரும். இதுவும் ஒரு குறிப்பு: உங்கள் ஆளுடைய தகட்டைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் விழா முடிந்த பிறகு ஒரு நாள் போங்கள், முன்னால் போய்ப் பிரயோஜனமில்லை. சில வருடம் கழித்து நான் மறுபடி போய்த்தான் பார்த்தேன்.

அதே கட்டடத்தில், நிறைய விற்ற பாட்டுகளுக்குக் கொடுக்கும் தங்க, பிளாட்டினத் தட்டுகள் நிரம்பிய பெரிய சுவர் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் என் இரண்டாவது நஷ்டம் எனக்கே உறைக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் இன்னொரு இணையச் சந்தையில், 'தி ஸ்ட்ரீக்' பாட்டுக்கு 1974-ல் ரே ஸ்டீவன்ஸுக்கே கொடுக்கப்பட்ட அசல் பிளாட்டினத் தட்டு என்று ஒருவர் விற்றதை 650 டாலருக்கு வாங்கி வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். மூலையில் ஹோலோகிராம் முத்திரை மின்னும், அதுதான் அசல் என்பதற்கு அத்தாட்சி என்று விற்றவர் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். அருங்காட்சியகச் சுவரில் இருந்த பழைய தட்டுகள் சிலவற்றில் அந்த மின்னல் எங்கேயும் காணோம். மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி மேஜையில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தத் தட்டுகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது ஆர்ஐஏஏ என்ற அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம். தங்கம் 1958-லிருந்து உண்டு. பிளாட்டினம் என்ற வகையையே 1976-ல்தான் தொடங்கினார்கள். ஆக 1974-ல் யாருக்கும் ஆர்ஐஏஏ பிளாட்டினத் தட்டு கொடுத்திருக்க முடியாது. ஹோலோகிராம் வந்தது 1980-களின் நடுவில். எழுபதுகளின் முதல் பாதியில் கொடுத்த அசல் தட்டுகள் வெள்ளைத் துணிப் பின்னணியில் இருக்கும், சேகரிப்பவர்கள் அதை 'ஒயிட் மேட்' என்பார்கள். நான் அத்தாட்சி என்று நம்பிய முத்திரைதான் அது அந்தக் காலத்துப் பொருள் இல்லை என்பதற்குச் சாட்சி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நடு லேபிளில் எழுத்தின் ஓரமெல்லாம் வீட்டு அச்சுப்பொறியின் புள்ளிப் புள்ளியாக மை. பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தில் 45 வருடத் தூசி ஒரு துளி இல்லை, திருகாணியில் புதுப் பளபளப்பு. ஆர்ஐஏஏ-வின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், அந்தப் பாட்டுக்குத் தங்கம் என்றுதான் இருக்கிறது.

இதில் கொஞ்சம் நிதானமும் வேண்டும். பழைய பாட்டுத் தட்டில் ஹோலோகிராம் இருந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது. பழைய பதிவுக்குப் பின்னாளில் அங்கீகாரம் வரலாம், அப்போது புது வடிவத்தில் தட்டு செய்வார்கள். 'அந்த வருடமே கொடுத்த அசல்' என்று விற்பதுதான் பொய். அதேபோல, தட்டில் இருக்கும் வரித்தடங்கள் அந்தப் பாட்டோடு பொருந்தவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அசல் விருதுகளிலேயே கையில் கிடைத்த ஏதோ ஒரு இசைத்தட்டுக்கு முலாம் பூசி வைத்த கதைகள் நிறைய. தங்கம் என்றால் எவ்வளவு விற்றது என்பதும் காலத்தைப் பொறுத்தது: தனியாக வெளியாகும் சிங்கிள் பாட்டுக்கு 1989 வரை பத்து லட்சம் பிரதி, அதற்குப் பிறகு ஐந்து லட்சம். விற்பவர் தட்டில் எழுதியிருக்கும் வாசகம், ஆண்டு, வடிவம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலான போலிகள் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். எனக்கு அந்தச் சந்தையில் புகார் கொடுக்க இருந்த கெடு கோடையிலேயே முடிந்துவிட்டது. பொருள் வந்து சேர்ந்துவிட்டதால் கார்டு பக்கமும் கதவு மூடியது. விற்றவரின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது. 650 டாலர் முழுசாகப் போயிற்று. அந்தச் சட்டகத்தை இப்போதும் வைத்திருக்கிறேன், அலமாரிக்குள். யாராவது இப்படி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னால் எடுத்துக்காட்ட உதவுகிறது.

விருதுப் பட்டியல்களையும் அப்படியே நம்பாதீர்கள், அதில் பணம் போகாவிட்டாலும். ரே ஸ்டீவன்ஸுக்கு மூன்று கிராமி என்று சொல்கிற ரசிகர்களோடு நானே வாதாடியிருக்கிறேன். அவருக்கு இரண்டு: 'எவ்ரிதிங் இஸ் பியூட்டிஃபுல்' பாடியதற்கு ஒன்று, 'மிஸ்டி' இசைக்கோர்ப்புக்கு ஒன்று. குழப்பம் எங்கே வருகிறதென்றால், அந்த முதல் பாட்டின் பெயரிலேயே அதே கிராமி விழாவில் பக்திப் பிரிவில் இன்னொரு விருதும் போனது, ஆனால் அதை வாங்கியவர் ஜேக் ஹெஸ் என்ற கிறிஸ்தவ பக்திப் பாடகர். கிராமி அமைப்பின் பக்கத்தில் கலைஞர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும். இரண்டுக்கு மூன்று என்று சொல்லி அவரைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று பாடியதற்கும் ஒன்று இசைக்கோர்ப்புக்கும் கிடைத்திருப்பது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மா, அவரும் பழைய கன்ட்ரி பாடகர்களின் தீவிர ரசிகை. ஒரு நாள் சமூக ஊடகத்தில் அவருடைய அபிமானப் பாடகரே தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார் என்று முகமெல்லாம் பூரிப்போடு காட்டினார். அன்பாக நாலு வார்த்தை, பிறகு 'மேனேஜர்' என்று ஒருவர், பிறகு நேரில் சந்திக்க ஒரு ரசிகர் அட்டை, அதற்குப் பணம் கிஃப்ட் கார்டாக வாங்கி அதன் எண்ணைச் சுரண்டி அனுப்ப வேண்டுமாம். 80 வயதைத் தாண்டிய ஒரு கலைஞர் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முன்பின் தெரியாத ரசிகைக்கு எழுத மாட்டார். எந்தப் பாடகரின் அலுவலகமும் கிஃப்ட் கார்டில் கட்டணம் வாங்காது. விருது அறிவிப்பு வருகிற வாரங்களில், மருத்துவமனையில் சேர்ந்தார் என்று செய்தி வருகிற வாரங்களில் இந்தப் போலிக் கணக்குகள் அதிகமாகக் கிளம்பும், ஏனென்றால் ரசிகர் மனசு அப்போதுதான் இளகியிருக்கும். அந்த அம்மாவிடம் நான் பக்குவமாக எடுத்துச் சொல்லி நிறுத்தவைத்தேன். அவர் அழுதது பணத்துக்காக இல்லை, அந்த நாலு அன்பு வார்த்தையும் பொய் என்பதற்காக. வீட்டில் வயதானவர்கள் யாராவது இப்படிப் பழைய பாடகர்களை விரும்புகிறவர்களாக இருந்தால் அவர்களைக் கேலி செய்யாமல் உட்காரவைத்து இதைச் சொல்லிவையுங்கள். கேலி செய்தால் அடுத்த முறை உங்களிடம் காட்டவே மாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் அவரைப் பின்தொடர்வதை நிறுத்தவில்லை, நிறுத்தும் எண்ணமும் இல்லை. செலவு செய்யும் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்றால் நுழைவுச்சீட்டை அவர்கள் பக்கத்திலேயே எடுக்கிறேன், அறையை நாலு காசு கூடப் போனாலும் ரத்து செய்யக்கூடிய வகையில் எடுக்கிறேன். அவருடைய பழைய ரெக்கார்டுகளை வேண்டுமென்றால் பழைய இசைத்தட்டுக் கடைகளில் சில டாலருக்கே வாங்கலாம். 1970-ல் பார்னபி நிறுவனம் வெளியிட்ட 'எவ்ரிதிங் இஸ் பியூட்டிஃபுல்' சிங்கிள் லட்சக்கணக்கில் அச்சானது, அதனால் யாரும் அதைப் போலி செய்ய மெனக்கெடுவதில்லை. ஆரம்பத்தில் குழந்தைகள் சேர்ந்து பாடும் அந்தப் பகுதியில், நாஷ்வில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அவருடைய சொந்த மகள்களும் பாடியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் வாங்கும் முன் போட்டுக் கேட்க விடுவார்கள், கீறல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தே எடுங்கள்.